மூன்றாம் எண் அறை

குஷிரோவில் இன்றும் மூடுபனி.
சமூகக்கூடத்து வாசலில்
இரண்டாம் அறைக்காரர்களின் செருப்பு முப்பத்தெட்டு ஜோடி,
எங்களுடையது மூன்று.
அதிலும் ஒன்று
போன வாரம் யாரோ மறந்துவிட்டுப் போனது.

நகராட்சியிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
பத்துப் பேர் இல்லையென்றால் வாடகைச் சலுகை கிடையாது.
ஏழாவது கேள்வி:
உறுப்பினர் குறைவாக இருப்பதற்குக் காரணம் என்ன?
நான்கு வரி இடம்.

"எழுது நட்சுயோ" என்றார் இசொகாய்,
காய்களை அடுக்கிக்கொண்டே.
"ஞாயிறு காலை தொலைக்காட்சியில் ஷோகி.
செய்தித்தாளில் நாள் தவறாமல் ஷோகி.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பட்டம் வென்றால்
மத்தியானம் அவன் என்ன சாப்பிட்டான் என்பதுவரை ஷோகி.
பல் டாக்டரிடம் போனால் அங்கே கோ பலகை.
ராஜாவே இல்லாத ஆட்டம், பெயர் மட்டும் கோ!
சதுரங்கக்காரன் சாப்பிட்டானா என்று
இந்த ஊரில் எவன் கேட்கிறான்?"

எல்லாம் சரிதான்.
எழுத மனம் வரவில்லை.

பெட்டியில் ஒரு கறுப்புச் சிப்பாயைக் காணோம்.
பொய்ப்பல் செய்து பிழைப்பவள் நான்,
விழுந்த இடத்தை அப்படியே விட
என் கைக்கு வராது.
பக்கத்து அறையில் ஒரு காலாள் கடன் கேட்டேன்.
சிரிக்காமல் கொடுத்தார்கள்.
சிரித்திருக்கலாம்.

ஐந்து மூலை மரத்துண்டு.
கறுப்புமில்லை வெள்ளையுமில்லை.
முனை யாரைப் பார்க்கிறதோ
அவருக்கு அது எதிரி,
அவ்வளவுதான் அதன் கட்சி.

பதினேழாவது நகர்வில்
இசொகாயின் குதிரை அதை வெட்டியது.
வெட்டியதை அவர் கீழே வைக்கவில்லை.
முப்பது வருஷம் ஐஸ் லாரி ஓட்டிய உள்ளங்கையில்
உருட்டிக்கொண்டே இருந்தார்.
பிறகு,
என் ராஜாவுக்கு இரண்டு கட்டம் தள்ளி,
முனையை என் பக்கம் திருப்பி,
டப்பென்று வைத்தார்.

வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.
காது சிவந்து, எடுக்கப் போனார்.
"இருக்கட்டும்" என்றேன்.

சற்றுமுன்வரை என் ஆள்.
என்னிடம் இருந்தபோது நான் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
இப்போது முறைக்கிறான்.

எங்கள் ஆட்டத்தில் செத்தவர்கள்
நிறத்தோடு சாகிறார்கள்.
பெட்டி மூடியில் மல்லாந்து கிடக்கிறார்கள்,
யாரும் விலை பேச முடியாதவர்களாக.
அந்த அறையில் சாவே இல்லை,
இடமாற்றம் மட்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.
பலகை காலியாகிக்கொண்டே போவது எனக்குப் பிடிக்கும்.
கடைசியில் இரண்டு ராஜா, ஒரு சிப்பாய்,
கப்பல்கள் போய்விட்ட துறைமுகம்போல் அத்தனை இடம்.
ஷோகியில் முடிய முடியக் கூட்டம்.

அந்தக் காலாள் நான்கு முறை கட்சி மாறினான்.
நாங்கள் விதியைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஐந்தாம் முறை மாறுவதற்குள்
கதவைத் தள்ளி ஒரு சிறுமி வந்தாள்,
காலாளைத் திருப்பி வாங்க.
சாக்ஸில் ஓட்டை.
பலகையைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள்.
"இதெல்லாம் திரும்பி வராதா?"
"வராது."
"பாவம்" என்றாள்.
குனிந்து வணங்கி, எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வெற்றிடம் யாருடையது என்று
எனக்கும் இசொகாய்க்கும் ஒன்பது மணிவரை சண்டை.

விளக்கை அணைக்கும் முன்
ஏழாவது கேள்விக்கு எழுதினேன்:
'ஒரு கறுப்புச் சிப்பாயைக் காணவில்லை.'

மூன்று வரி மிச்சம் இருந்தது.