கிள்ளிப் போட்டுக்கொள்

ஆமாம் ஐயா, விற்றது நான்தான்.
லாசர் ஃபைன்கோல்ட். பாலராட் ஓடைக்கு இந்தப் பக்கம்
கித்தான் கூரைக் கடை.
மண்வெட்டி, பன்றிக்கொழுப்பு, மெழுகுவத்தி,
அந்த மாதம் ஒரே ஒரு துப்பாக்கி.

ஆறு குழல், ஒரே இரும்புக் கட்டை,
தேன்கூட்டில் ஒரு துண்டு பிய்த்தது போல.
விசையை இழுத்தால் கட்டை திரும்பும்,
மேலே சுத்தியல் எழும், விழும்.
ஒவ்வொரு குழலுக்கும் பின்னால் ஒரு காம்பு,
காம்பின் தலையில் செப்புத் தொப்பி.
அடிபட்டால் சீறும். சீறல் துளை வழியே போய்
மருந்தைத் தொடும். எல்லாம் கண்ணிமைப்பில்,
நடக்கிற நாளில்.

குறி பார்க்க முடியாது. சுத்தியல்
கண்ணுக்கு நேரே நந்தியாய் நிற்கும்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு
குறி எதற்கு?

பார்த்தவர்கள் சொன்னது:
எல்லை ஆப்பு ஒரு முழம் நகர்ந்திருந்தது.
டேனிஷ்காரன் தோருப் சூப்பு குடித்துக்கொண்டிருந்தான்.
ஹாஸ்கென் இழுத்தான். டக்.
தொப்பியே இல்லை; வரும் வழியில் சேற்றில் விழுந்திருக்கிறது.
மறுபடி இழுத்தான். தொப்பி சீறியது,
குழல் வாய் திறக்கவில்லை.
ஜூன் மழை, ஐயா. ஈர மருந்து.
வந்த தும்மல் மூக்கிலேயே நின்றதுபோல்
கூடாரம் முழுக்கக் காத்திருந்தது.

தோருப் கரண்டியைக் கீழே வைத்தான்.
"ஆப்பைக் காலையில் பிடுங்கி நட்டுக்கொள். உட்கார்."
ஹாஸ்கெனும் உட்காரத்தான் போனான் என்கிறார்கள்.
கையைத் தாழ்த்தி, இடது கையால்
குழல் வாயைப் பொத்திப் பிடித்து

அப்போதுதான் வந்தது.
காம்பு வழியே பின்னால் பீறிட்ட தீ
பக்கத்துக் காம்புக்குத் தாவி, அதற்கடுத்ததற்கும்,
தொப்பி விழுந்த வெற்றுக் காம்பையும் விடாமல்,
ஆறும்.
கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம்.
பதினோராம் நாள் ஜன்னி கண்டது.

நீங்கள் கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.
அவனுக்கு வேண்டிய எண் தொப்பி தீர்ந்திருந்தது,
மெல்போர்ன் வண்டி வரவில்லை.
ஓர் எண் பெரியதைக் கொடுத்தேன். லொடலொடத்தது.
"கிள்ளிப் போட்டுக்கொள்" என்றேன். எல்லாக் கடையிலும்
சொல்வதுதான். கிள்ளிய தொப்பியின் ஓரத்தில்
நெருப்பு நுழைய நகக்கண் அளவு வழி இருக்கும்.
"நிற்குமா?" என்று கேட்டான்.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவன் மனைவி டெமெல்சா
தொப்பி டப்பாவைக் கொண்டுவந்தாள்.
எழுபது சொச்சம் இருந்தது.
திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்றாள்.
எடுத்துக்கொண்டேன்.
நூறுக்கான விலை கொடுத்தேன்.