பொதுமக்கள் வருகை: இல்லை

கவுண்டி கூட்டத்தின் குறிப்பை நான்தான் எழுதுகிறேன்.
மூன்றாம் செவ்வாய், மாலை ஏழு மணி,
நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளம்,
ஐந்து உறுப்பினர்கள், ஒரு காப்பிக் குடுவை,
முப்பது மடக்கு நாற்காலிகள்.
தேதிக்குக் கீழே ஒரு வரி:
பொதுமக்கள் வருகை: இல்லை.
அதை நான் தட்டச்சு செய்வதுகூட இல்லை.
போன மாதக் குறிப்பின் மேலேயே
இந்த மாதத்தை எழுதுகிறேன்.
‘இல்லை’ தானாக வந்து நின்றுகொள்கிறது.

முன்பு டென்னி ப்ரூயிட் வருவார்.
வாரப் பத்திரிகையின் ஒரே நிருபர்,
விளம்பரம் பிடிப்பவரும் அவரே.
முன்வரிசையில் உட்கார்ந்து தூங்குவார்.
யாராவது ‘டாலர்’ என்றால் மட்டும்
ஒரு கண் திறக்கும்.
அந்த ஒற்றைக் கண் இருந்தவரை
கூட்டல் கழித்தல் சரியாக இருந்தது.

பத்திரிகை நின்றுபோனது.
அந்த இடத்தில் இப்போது
நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.
இரண்டு மணி நேரக் கூட்டம்
பத்தொன்பது நிமிடத்தில் முடிகிறது.

செய்திக்கு ஒன்றும் பஞ்சமில்லை.
வண்டிப் பதிவுக்காக என் ஜன்னலுக்கு வருபவர்களுக்கு
வாஷிங்டன் கூப்பிடு தூரம்தான்.
காத்திருப்பறைத் தொலைக்காட்சியில்
ஒரே நேரத்தில் ஆறு தலைகள் கத்துகின்றன.
கால் வைத்திராத ஒரு மாநிலத்தின் செனட்டர்மேல்
கழுத்து நரம்பு புடைக்கிற அளவு
நிஜமான கோபம்.
“இந்த நாடு எங்கே போகிறது, சொல்லுங்கள்”
என்று ஒருவர் மேஜையைத் தட்டினார்.
“பதினெட்டு டாலர் ஐம்பது சென்ட்” என்றேன்.

பதினான்காம் சாலைப் பாலத்தை மூடி ஏழு மாதம்.
ஒப்பந்தம் மூன்று முறை தள்ளிவைக்கப்பட்டது.
குறிப்பில் இருக்கிறது.
குறிப்பு அலமாரியில் இருக்கிறது.
அலமாரிக்குப் பூட்டுகூட இல்லை.

அக்டோபரில் சேற்றுக் காலணியோடு
ஆர்லிஸ் ட்வெட் உள்ளே வந்தாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
“வண்டிப் பதிவு மாடியில்,
காலையில் வாருங்கள்” என்றார் தலைவர்.
“பாலம்” என்றாள்.
பேச மூன்று நிமிடம் தரலாம் என்று விதி.
அவள் எடுத்தது நாற்பது விநாடி:
“சுற்றிப்போனால் பதினொரு மைல்.
கடைசி வீட்டுப் பையன்
ஐந்தே காலுக்கு எழுகிறான்.
பெயர் வேண்டுமா?”
யாரும் கேட்கவில்லை.
பரிசீலிக்கப்படும், என்று எழுதினேன்.
அந்தச் சொல்லுக்கு என் விரல்கள்
கண் மூடிக்கொண்டே போய்வரும்.

மறுநாள் ஜன்னலில் ஒரு டாலர் கொடுத்து
குறிப்பின் நகல் வாங்கிப்போனாள், நான்கு பக்கம்.
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டினாள்.
சுற்றுப்பாதையில் ஆறு மைலுக்குச் சிக்னல் கிடையாது.
பிள்ளைகள் வேறு வழியில்லாமல் வாசித்தார்கள்.
“சரளைக்கல் ஒப்பந்தம் வாங்கியவரும்
நம் உறுப்பினரும் ஒரே குடும்பப்பெயரா?”
என்று ஒரு பெண் இரவுச் சாப்பாட்டில் கேட்டாளாம்.
அந்த வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்களாம்.
எனக்கு வந்த செய்தி அவ்வளவுதான்.

நவம்பரில் நாற்காலிகளை விரிக்கவேண்டி வந்தது.
ஹார்லன் ரிக்ஸ் வந்தது
ஆர்லிஸை எதிர்ப்பதற்காக மட்டும்.
பாலம் வேண்டாம், வரி ஏறும்,
அந்தப் பேருந்து மெதுவாகப் போவதே
அவளால்தான், என்றார்.
மூன்று நிமிடத்தையும் தாண்டிப் பேசினார்.
அவரையும் எண்ணினேன்.

பாலம் இன்னும் மூடித்தான் இருக்கிறது.

அந்த ‘இல்லை’யை அழித்துவிட்டு
ஒன்பது என்று எழுதப்போகும்போது
சுவரோரம் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்
டென்னி ப்ரூயிட்.
எந்தப் பத்தியில் அவரைச் சேர்ப்பது?
“பத்திரிகையா, பொதுமக்களா?” என்று கேட்டேன்.
கோப்பையை ஊதிக்கொண்டே யோசித்தார்.
“இப்போது வெறும் ஆள்தான்” என்றார்.

பத்து.

சரளைக்கல் கணக்கு வாசிக்கப்பட்டபோது
திரும்பிப் பார்த்தேன்.
இந்த முறை
இரண்டு கண்ணும் திறந்திருந்தன.