ஒரு மாதமும் ஒரு நாளும்

தீர்ப்பு சின்னதுதான்: ஒரு மாதமும் ஒரு நாளும்.
எலிசேயோ உவாய்க்கில், செம்புக் கம்பி திருடியவன்,
ஜனவரி முப்பது காலையில் உள்ளே போனான்.
மிச்சக் கணக்கு என்னுடையது.
சிலியின் தெற்கே, தெமுக்கோவில், மூன்றாம் மாடியில்
சிறைத்துறையின் தேதிகளை மேய்ப்பவள் நான்.

பிப்ரவரியின் கடைசிச் செவ்வாய்.
காட்டுத்தீயின் புகை ஊருக்குள் இறங்கியிருந்தது.
அவன் அக்கா நொயெமி வாசலில் நின்றாள்,
சாம்பலில் சுட்ட ரொட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு.
திரை நாளை என்கிறது, என்றானாம் காவலன்.
அவள் விரல்களை விரித்துக் காட்டினாளாம்.
விரலைவிடத் திரைக்கு வயது குறைவு,
மரியாதை அதிகம்.

தொலைபேசியை வைத்துவிட்டு நிரலைத் திறந்தேன்.
ஒஸ்வால்தோ எழுதியது.
ஓய்வு வாங்கிக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்.
இரண்டே வரி:
முதலில் மாதத்தைக் கூட்டு.
பிறகு நாளைக் கூட்டு.

ஜனவரி முப்பதிலிருந்து ஒரு மாதம் நடக்கும் கணினி
பிப்ரவரி முப்பதின் கதவைத் தேடுகிறது,
சுவரில் முட்டிக்கொள்கிறது,
இருபத்தெட்டில் உட்கார்ந்துவிடுகிறது.
அங்கிருந்து ஒரு நாள். மார்ச் ஒன்று.

வரிகளை இடம் மாற்றிப் பார்த்தேன்.
முதலில் நாள்: ஜனவரி முப்பத்தொன்று.
பிறகு மாதம்: அதே சுவர், அதே இருபத்தெட்டு.
அதாவது இன்று.
அதாவது, ரொட்டி சூடு ஆறுவதற்குள்.

எதை முதலில் கூட்டினாலும் தொகை ஒன்றே
என்று சொல்லித்தந்தார்கள்.
ஆரஞ்சுப் பழங்களுக்கு அது சரி.
மாதம் பழம் இல்லை.
கையை முஷ்டியாக்கி எண்ணிப் பாருங்கள்,
பிப்ரவரி விழுவது பள்ளத்தில்.

சட்டப் பிரிவைக் கூப்பிட்டேன்.
சிமேனா எதையோ மென்றுகொண்டே சொன்னாள்:
'மாதம் என்று இருக்கிறது.
எத்தனை நாள் மாதம் என்று இல்லை.
பழைய வழக்கப்படி செய்யுங்கள்.'
பழைய வழக்கம் ஏரியில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறது.

சரி, மாற்றியதையே சேமித்துவிடலாம் என்று
விரல் விசைக்குப் போனது.
அதற்கு முன், ஒரு பழக்கதோஷத்தில்,
வேறு கோப்புகளையும் ஓடவிட்டேன்.
பிப்ரவரி இருபத்தேழில் உள்ளே போன ஒருத்தி.
ஒரு மாதமும் ஐந்து நாளும்.
ஒஸ்வால்தோ வழியில் ஏப்ரல் ஒன்று.
என் வழியில் ஏப்ரல் நான்கு.

பெயர் தெரியக் கூடாதென்று
திரையின் அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்தேன்.
ஒருவனுக்கு ஓர் இரவைத் தர
இன்னொருத்தியிடம் மூன்றைப் பிடுங்கும்
அந்த இரண்டு வரிகளையும்
எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ.

கூட்டல் சரியா என்று கழித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்.
மார்ச் ஒன்றிலிருந்து ஒரு நாள் பின்னே: பிப்ரவரி இருபத்தெட்டு.
ஒரு மாதம் பின்னே: ஜனவரி இருபத்தெட்டு.
முப்பது அல்ல.
சோதனை தோற்றது, சிவப்பு விளக்கு.

ஆனால் ஜனவரி இருபத்தெட்டு ஒரு சனிக்கிழமை.
எலிசேயோ இன்னும் கம்பியைத் தொடவில்லை.
குறடு யார் வீட்டிலோ இருக்கிறது.
வெயிலில் எங்கோ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு
யாரும் தேடாத ஒருவனாக அவன் படுத்திருக்கலாம்.
என் கணக்கின் பிழை
அவனை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது.
கொஞ்ச நேரம் அதைத் திருத்தாமல் விட்டுவைத்தேன்.

நாலே முக்காலுக்கு மூன்றாவது வரியை எழுதினேன்:
இரண்டு வழியிலும் கணக்கிடு. முந்தியதைக் கொடு.
அதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும்.
இரண்டாவது கையெழுத்து வீட்டுக்குப் போய்விட்டது.

புதன்கிழமை காலை அவனை விட்டார்கள்.
நொயெமி இரவு எங்கே தங்கினாள் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிழை அறிக்கையை நிரப்பினேன்.
வித்தியாசம்: ஒன்று.
அலகு: பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவும்.
நொடி இருந்தது, மணி இருந்தது, நாள் இருந்தது.
இரவு என்பதைக் கீழே வரை தேடினேன்.