ஜாலான் சன்னாசி

பலகை வந்திறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை,
பச்சையில் வெள்ளை எழுத்து.
பாகான் கெலாடியின் நான்காம் சந்துக்கு
முப்பது ஆண்டுகளாக எண் மட்டும்தான்.
மன்றத்தில் யார் எழுதிக் கொடுத்தார்களோ,
கோப்பில் விளக்கமில்லை.
வெறும் பெயர். தகப்பன் பெயர்கூட இல்லை.

இந்த ஊரில் அது போதாது.

பழைய தோட்டத்து எல்லையில் ஒரு சன்னாசி கோயில்,
மூன்று செங்கல், ஒரு சூலம்.
பிள்ளை வரம் கேட்டவர்கள் எல்லாரும்
பிறந்ததும் அந்த ஒரே பெயரைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.
குடும்பம் வேண்டாமென்று போனவன் பெயரில்
எத்தனை குடும்பம்!

புதன்கிழமை லோரி சன்னாசியின் மூத்த மகன் வந்தார்.
ஐந்து பெட்ஃபோர்டு, அச்சு முறிந்தும்
செம்பனைக் குலையோடு ஓடியவை.
தமிழ்ப் பள்ளிக்குக் கூரை போட்டது அவர் அப்பாதான்.
பின்னாலேயே இன்னொரு மூத்த மகனும் வந்தார்,
சித்தியவானிலிருந்து.
இரண்டு மூத்தவர்களும் முதலில் பார்த்துக்கொண்டது
பாடைக்குத் தோள் கொடுத்தபோது.
அதற்குப் பிறகு இன்றுதான்,
என் மேசையில், ஒரே பேனாவில் கையெழுத்து.

யூனியன் சன்னாசிக்காக மருமகள் வந்தார்.
நாற்பத்தோரு நாள் ஒரு மரத்தில் கத்தி படாமல்
ஆறு டிவிஷனையும் உட்கார வைத்த மனிதர்.
அவர் தைப்பிங் சிறையில் இருந்தபோது பிறந்த பையன்
பிறகு அதே தோட்டத்தில் சின்னத் துரை.
அப்பாவின் லயத்தைக் காலி செய்யச் சொன்ன நோட்டீசில்
அவன் கையெழுத்து.
மருமகள் அதைச் சொல்லவில்லை.
அவர் புருஷன் காரிலேயே உட்கார்ந்திருந்தார்,
கண்ணாடியை ஏற்றிவிட்டு.

கோல்கீப்பர் சன்னாசிக்கு யாரும் வரவில்லை.
ஈப்போவிலிருந்து மகள் படம் மட்டும் அனுப்பினாள்:
பேராக் ஜெர்சி, கையுறை இல்லாத கைகள்,
வலது சுண்டுவிரல் வேறு திசை பார்க்கிறது.
கூடவே ஒரு குரல் செய்தி.
“அம்மாவ அடிப்பாருக்கா.
ஆனா பந்து நல்லாப் பிடிப்பாரு.
வைக்கிறதுன்னா வைங்க.”
அதை மூன்று தடவை கேட்டேன்.
கோப்பில் எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

புவான் ரொஸ்னா கூப்பிட்டார்:
உங்கள் ஆட்கள்தானே, இது எந்தச் சன்னாசி?
அடையாள அட்டை நகல்களைப் பரப்பினேன்.
லோரிக்கு இரண்டு ‘என்’.
யூனியனுக்குக் கடைசியில் ‘வை’.
கோல்கீப்பரை எந்தக் கிராணியோ
சின்னாசி ஆக்கி வைத்திருந்தார்.
பலகையில் ஒரே ஒரு ‘என்’.

ஒற்றை ‘என்’ என் அட்டையில் இருக்கிறது,
அனாக் பெரம்புவான் என்பதற்குப் பிறகு.

தெரியவில்லை புவான், என்றேன்.
அப்படியானால் எல்லாருக்கும், என்று
முத்திரை குத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஒரே வாரத்தில் நான்கு திறப்பு விழா.
சித்தியவான் மாலை மற்றவற்றைவிட ஒரு சாண் நீளம்.
ஈப்போ மாலையை நான்தான் வாங்கிப் போட்டேன்,
ஏனென்று தெரியாமல்.

அப்பா ஆ செங் கடையில் இருந்தார்.
முப்பத்தோரு வருஷம் தோட்டத்துக் கால்வாய் வெட்டியவர்,
எந்தக் கோயில் மலரிலும் படம் வராதவர்.
எழுத்துக் கணக்கைச் சொன்னேன்.
கோப்பியைச் சாசரில் ஊற்றி ஊதினார்.
“ஒத்த என்னா?”
இன்னொரு தடவை ஊதினார்.
“வெளிய சொல்லாத.
அந்தச் சந்துல சாக்கடை அடைச்சுக்கும்.
யாரு ரோடுன்னு தெரிஞ்சா
என்னையத்தான் கூப்பிடுவானுங்க.”

நேற்று ராத்திரி கொட்டிய மழையில்
நான்கு மாலைகளும் கம்பத்தை விட்டு இறங்கி,
செண்டுப்பூவும் நாருமாக,
சந்து முனைக் கல்வெட்டில் போய்ச் சிக்கின.
ஒரு மணிக்கு முழங்கால் தண்ணீர்.

காலையில் பார்த்தால் வடிந்திருக்கிறது.
அப்பாவின் ரப்பர் பூட்ஸ் வாசலில் ஈரமாக.
நான் கேட்கவில்லை.