வீட்ல கேட்டுட்டு வர்றேன்

தர்மபுரி, பென்னாகரம் ரோடு,
செல்போன் கடைக்கு மேல் மாடி. பதினேழு படி.
ஏறி வருகிறவர்கள் கன்னத்தைக் கையில் ஏந்தி வருவார்கள்,
யாரோ நம்பிக் கொடுத்துவிட்ட பிள்ளையைப் போல.

விலை சொல்கிறவள் நான்.
டாக்டர் சொல்ல மாட்டார், வாய்க்குள் பார்ப்பதோடு சரி.
பிடுங்க அறுநூறு.
வேரைச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே தொப்பி வைத்துக் காப்பாற்ற
ஒன்பதாயிரத்து ஐநூறு.
விட்டுவிடுவதைவிட வைத்துக்கொள்வது எத்தனை மடங்கு என்று
ஒருநாள் தட்டிப் பார்த்தேன்.
ஏறக்குறைய பதினாறு.
கால்குலேட்டரை அணைத்துவிட்டேன்.

தொகையைக் கேட்டதும்
எல்லா நாக்கும் ஒரே வேலையைத்தான் செய்கிறது:
மூடிய வாய்க்குள் போய் அந்தப் பல்லைத் தொடுகிறது.
கன்னம் லேசாகப் புடைக்கும்.
பிறகு மடித்த பாலித்தீன் பையிலிருந்து
லேமினேட் செய்த காப்பீட்டு அட்டை வெளியே வரும்.
இங்க அந்த கார்டு எடுக்கறதில்லீங்க.
'பல்லும் ஒடம்புலதானே இருக்குது?'
என்று கேட்டார் வேடியம்மாள்.
நான் பேனாவை மூடி, திறந்து, மூடினேன்.

டாக்டரையும் குற்றம் சொல்ல முடியாது.
அந்த நாற்காலிக்கே மாதத் தவணை ஓடுகிறது.
சேலத்துக்காரர். வந்த புதிதில்
எல்லோரிடமும் பீடியா, புகையிலையா என்று விசாரித்தார்.
பீடி இல்லீங்க, போருங்க.
ஆயிரம் அடிக்குக் கீழே பாறையில் ஊறிய தண்ணி
மூன்றாம் வகுப்புப் பையன் பல்லிலும்
பழுப்பாக ஒரு வரி போட்டிருக்கும்.
எனக்கும் உண்டு.
சாப்பிடும்போது மட்டும்தான் மாஸ்க்கைக் கழற்றுவேன்.

என் நோட்டில் ஒரு தனிக் கட்டம்: வீ.கே.வ.
ஏதோ மருந்தின் பெயர் என்று டாக்டர் ரொம்ப நாள் நினைத்திருந்தார்.
வீட்ல கேட்டுட்டு வர்றேன்.
போன மாதம் அந்தக் கட்டத்தில் நாற்பத்தோரு பேர்.
திரும்பிப் படியேறியவர்கள் ஆறு.

தீர்த்தகிரி சொன்னதும் அதேதான்.
கல்குவாரியில் கம்ப்ரஸர் பிடிக்கிறவர்,
பேசும்போது கூட தோள் அதிர்ந்துகொண்டே இருக்கும்.
விலாசமா, குவாரி ஷெட்டுன்னே போடும்மா.
கூட இருப்பவர் பெயர்?
அங்க ஒரு கோடு போட்டுக்க.
அப்புறம் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு,
'வீட்ல கேட்டுட்டு வர்றேன்.'

மூன்று வாரம் கழித்து வந்தார்.
வீக்கம் இல்லை.
ஒரு தீப்பெட்டியை என் மேஜையில் வைத்துத் தள்ளித் திறந்தார்.
உள்ளே, மூன்று வேரும் முழுசாக,
ஒரு கடைவாய்ப் பல்.
'கட்டிங் பிளேயருங்க. நாலு நாளு ரத்தம் நிக்கல.
இப்ப தேவலை.'
அதோடு போயிருக்கலாம். போகவில்லை.
'இதையே திரும்ப வெக்கணும்னா எவ்ளோ ஆவும்?'

அதை வைக்க முடியாது.
வேறொன்றை வைக்கலாம், அதற்கு ஒரு விலை உண்டு,
ரேட்டு அட்டையின் பின்பக்கம்
கண்ணாடிக்கு அடியில், என் முழங்கைக்குக் கீழே.
இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக
எனக்கு வாய் வரவில்லை.
'டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேங்க' என்றேன்.
அவர் சிரித்தார். வலப்பக்கம் கறுப்பாக ஒரு வாசல்.
'கேளும்மா. மெதுவா கேளு.'

பதினேழு படியும் அவர் இறங்குகிற சத்தம் கேட்டது.
தீப்பெட்டி மேஜையிலேயே கிடந்தது,
மறந்தாரோ, விட்டாரோ.

ஷட்டரை இறக்குவதற்கு முன் விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன்.
மேலே தெரிந்த சொத்தை கடுகளவு.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
என் நாக்கு எப்போதோ
இடது பக்கம் கீழே போய்விட்டிருந்தது.