சுட்டுவிரல்

அல்சூர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல்
தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன்,
மூக்கருகே கொண்டுபோய் எண்ணெய் வாசமும் பார்த்தேன்.
இரட்டைக்குழல். பன்னிரண்டு போர்.
குடகில் காப்பித் தோட்டத்தை விற்றவர்
தோட்டத்தோடு சேர்க்காமல் தனியாக விற்றது.
என் இரண்டு வருடச் சீட்டுப்பணம்.

அதற்கு முன்னால் உரிமத்துக்கு மூன்று வருடம்.
உங்களுக்கு எதுக்கும்மா என்று கேட்ட
ஒவ்வொரு மேசைக்கும் ஒரே பதில்தான்:
பணவண்டியோடு வெறுங்கையாகப் போனால் பதினாலாயிரம்,
சொந்தத் துப்பாக்கியோடு போனால் இருபத்து மூன்று.
விண்ணப்பத்தில் ‘யாரால் ஆபத்து’ என்றொரு கட்டம்.
நடுவில் நிற்கும் அந்த ஒன்பதாயிரத்தை
எழுத அதில் இடம் போதவில்லை.

போர் என்றால் வீட்டுக்காரருக்குத் தண்ணீர்.
ஆயிரத்து இருநூறு அடி போட்டும்
புழுதிதான் வந்தது என்கிறார்.
என்னுடையது இருபத்தெட்டு அங்குலம்.
எதுவும் வரவேண்டாம் என்பதே
என் வேண்டுதல்.

கடையில் தோட்டா எண்ணித் தரும் நூருல்லாவுக்கு
என் வயதில் பாதி.
திறங்க, பாருங்க, காலியா, என்றான்.
காலி.
மூடிக் கொடுத்தேன்.
திருப்பி என் கையிலேயே வைத்தான்:
திறங்க, பாருங்க.
இப்பத்தானே பார்த்தேன்?
‘இப்படிச் சொன்னவங்க போட்டோதான் மேடம்
பேப்பர்ல வரும்.’

குதிரை என்கிறார்கள் அந்த வளைந்த இரும்பை.
ஏறவே கூடாத குதிரை.
பயிற்சித் திடலில் ஹவில்தார் பசம்மா
நாளெல்லாம் கத்தியது ஒன்றுதான்:
பெரளு ஹொரகே! பெரளு ஹொரகே!
விரல் வெளியே.
வளையத்துக்கு மேலே, இரும்போடு இரும்பாக,
நீட்டிக் கிடக்க வேண்டும் அது.
அதற்குப் போய் சுட்டுவிரல் என்று
பெயர் வைத்தவன் எதைச் சுட்டினானோ.

களிமண் தட்டு பறந்தது.
பயத்தில் பின்னால் சாய்ந்து அழுத்தினேன்.
தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் உட்கார்ந்தது.
உடைந்தது என் தோள்தான் என்று நினைத்தேன்.
‘கன்னத்தைக் கட்டையில் ஒட்டு. முன்னால் சாய்.
அடிக்கப் போறவ மாதிரி இல்ல,
பஸ் பிடிக்கப் போறவ மாதிரி.’
சிவாஜிநகரில் இருபது வருடமாக
அதைத்தானே செய்கிறேன்.
எட்டாவது தட்டு உடைந்தது.
சிரித்துவிட்டேன். வெட்கமாகவும் இருந்தது.

ஒரு வாரம் தோளில் நாவற்பழம்.
ரவிக்கை தைக்கிறவள் பார்த்துவிட்டு
மெதுவாகக் கேட்டாள், வீட்ல பிரச்சினையா?

இரவில் குழலைக் கழற்றித்
துணிவிட்டுத் துடைத்து,
ஒரு முனையில் கட்டைவிரல் நகத்தை வைத்து
மறுமுனையில் கண் வைக்கிறேன்.
டியூப்லைட் நகத்தில் பட்டு
உள்ளே வளையம் வளையமாக ஏறுகிறது வெளிச்சம்.
கடைசியில், மருதாணி மிச்சத்தோடு,
கிணற்றில் விழுந்த நாணயமாக
நான்.

துப்பாக்கி இரும்புப் பெட்டியில்.
தோட்டா அரிசி டிரம்முக்குப் பின்னால், வேறு பூட்டில்.
ஒரு சாவி என் கழுத்தில்.
இன்னொன்று எனக்கே சட்டென்று
ஞாபகம் வராத இடத்தில்.

பதினோரு மாதம் ஆயிற்று. ஒருதரமும் சுடவில்லை.
ஏடிஎம் வாசலில் நிற்கிறேன்,
எல்லோரும் துப்பாக்கியைப் பார்க்கிறார்கள்,
நான் அவர்கள் கைகளைப் பார்க்கிறேன்.

தேர்தல் வந்தது.
கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படை என்றார்கள்.
எழுதுகிறவர் வாங்கும்முன் நானே திறந்து காட்டினேன்.
அவர் பார்க்கவில்லை.
பாருங்க சார், என்றேன்.
பார்த்தார்.
ஒரு ரசீது. ஐம்பத்தொரு நாள்.
திரும்பவும் பதினாலாயிரம், ஒரு பிரம்பு.

இன்று காலை தோசை திருப்பும்போது
யாமினி கேட்கிறாள்:
‘யாரைம்மா காட்டுற?’
கரண்டிக் காம்பின்மேல்
நேராக நீண்டு கிடக்கிறது விரல்.
யாரையும் இல்லடி என்று
மடக்கிப் பார்த்தேன்.
அடுத்த தோசைக்குள்
மறுபடியும் வெளியே வந்துவிட்டது.