இரண்டு விரல் இடப்பக்கம்

ஆடி முடிந்து பொருட்காட்சித் திடல் காலியானதும்
பலூன் பலகையை மடித்துப் பரண்மேல் போட்டேன்.
துப்பாக்கியைப் போடவில்லை.
அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு சேகோ மில்லில்
பெருச்சாளி சுட ஆள் தேடுகிறார்கள் என்று
ரவை வாங்கும் கடையில் சொன்னார்கள்.

முதலாளி பொன்னுரங்கம் மேலும் கீழும் பார்த்தார்.
பொம்பளையா, என்றார்.
துப்பாக்கிக்கு அது தெரியாதுங்க, என்றேன்.
வாலுக்கு முப்பது ரூபாய்.
விஷம் வைக்க முடியாதாம்,
களத்தில் காய்வது சனங்கள் தின்கிற ஜவ்வரிசி.

குச்சிக்கிழங்குக் குவியலுக்கு அடியில்
தவலை நுழைகிற அளவுக்கு வளை.
திப்பியும் புளித்த மாவுத் தண்ணீரும் சேர்ந்த நாற்றம்
முகத்தைப் பிடித்துத் திருப்பியது.
அரைமணியில் பழகிவிட்டது.
காவல்காரர் அங்கமுத்து டார்ச் பிடித்தார்.
ஆடியில் மிஞ்சிய சிவப்பு பலூன் ஒன்றை வெட்டி
அதன் முகத்தில் இழுத்து மாட்டினேன்.
சிவப்பு வெளிச்சம் அதுகளுக்கு இருட்டு.
தூரத்தில் ஏற்காட்டு ரோட்டு விளக்குகள்
மலையில் வளைந்து வளைந்து ஏறின.

இந்தத் துப்பாக்கியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.
என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது
இதன் முன்முள்ளைச் சுத்தியலால்
இடப்பக்கம் ஒரே ஒரு தட்டு தட்டி வைத்தார்.
நேராகப் பார்த்துச் சுட்டால் ரவை வலப்பக்கம் போகும்.
பத்து ரவைக்கு மூன்று பலூன் உடைந்தால் எங்களுக்கு அரிசி.
ஐந்து உடைந்தால் கடன்.
புது மனைவியைக் கூட்டி வந்தவர்கள்
கையை உதறிக்கொண்டு
காற்றைத் திட்டிவிட்டுப் போனார்கள்.
காற்று ஒன்றும் சொல்லவில்லை.
நானும்.

இரண்டு விரல் இடப்பக்கம் வைத்தால் பலூன் உடையும்.
பதினேழு வருஷமாக எனக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

முதல் பெருச்சாளி களத்தின் ஓரத்தில் நின்று
மீசையைத் துடைத்தது.
முப்பது அடி இருக்கும்.
இரண்டு விரல் இடப்பக்கம் வைத்தேன். சுட்டேன்.
ரவை இடுப்பில் பட்டது.

பன்னிரண்டு அடிக்கு இரண்டு விரல் என்றால்
முப்பது அடிக்கு ஐந்து.
பொய் தூரம் போகப் போக அகலும் என்று
பலூன் எனக்குச் சொன்னதே இல்லை.

பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு
அது ஜவ்வரிசிமேல் ஊர்ந்து போனது.
வெள்ளையில் ஒரு கோடு.
வளைக்குள் போன பிறகும் சத்தம் கேட்டது,
நான் நினைத்ததைவிட நெடுநேரம்.
அங்கமுத்து டார்ச்சை அணைத்துவிட்டு
ஒரு பீடி பற்றவைத்தார்.
வால் கிடைக்கலையேம்மா, என்றார்.
கோடு போன இடத்து ஜவ்வரிசியை மட்டும்
முறத்தில் அள்ளிக் குப்பையில் கொட்டினேன்.

காலையில் மில்லின் வைஸில் குழலைக் கட்டி
முன்முள்ளை நேராக்கினேன்.
சுவரில் கரிக்கோடு போட்டு நாற்பது ரவை செலவு.
அடுத்த மூன்று இரவில் பதினான்கு வால்.
பதினான்கும் நின்ற இடத்திலேயே விழுந்தன.
முதலாளி எண்ணிப் பார்த்து
நானூற்றிருபதில் இருபதைப் பிடித்துக்கொண்டார்,
சுவரில் ஓட்டை போட்டதற்கு.

இந்த ஆடிக்குப் பலகையை இறக்கினேன்.
சுத்தியலும் எடுத்தேன்.
முள்மேல் வைத்தேன்.
அந்த வளைக்குள்ளிருந்து வந்த சத்தம் நினைவுக்கு வந்தது.
சுத்தியலைப் பெட்டியில் போட்டுவிட்டு
பலகையை மட்டும் எட்டடி பின்னால் தள்ளினேன்.
இப்போது காற்றைத் திட்டுகிறவர்கள்
கொஞ்சம் உண்மையாகவே திட்டுகிறார்கள்.

நேற்று பாலிடெக்னிக் பெண் ஒருத்தி,
தோளில் பையைக்கூடக் கழற்றாமல்
பத்துக்கு ஒன்பது.
பெரிய கரடி பொம்மையைக் கொடுத்தேன், வயிறு எரிந்தது.
பெருச்சாளி சுட வருவியா என்று
கேட்க வாயெடுத்தேன்.
அவள் அதற்குள் ராட்டினத்து வரிசையில் நின்றாள்,
கரடிக்கும் ஒரு டிக்கெட் கேட்டுக்கொண்டு.